பிள்ளை அழுவது யார் காதில் விழ வேண்டும்?

ஆறு மாதம் தாண்டிய, எடை ஒழுங்காக ஏறிவருகிற, நோய்நொடி இல்லாத ஒரு குழந்தையை இரவில் பத்து நிமிடம் அழ விடுவது பாவமில்லை. இதை ஏதாவதொரு வீட்டுக் கூடத்தில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ‘பெத்த வயிறுதானா அது?’ என்று ஒரு குரல் வரும். அதே வீட்டில்தான் போன மாதம் அதே குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, கையைக் காலை அமுக்கிப் பிடித்து, மொட்டையடித்துக் காது குத்தியிருப்பார்கள். பிள்ளை மூச்சடைக்கக் கதறியிருக்கும். சுற்றி நின்றவர்கள் சிரித்திருப்பார்கள். கிடா வெட்டிப் பந்தி போட்டிருப்பார்கள். தடுப்பூசிக்கு அழுவதையாவது உயிர்காக்கும் காரியம் என்று சொல்லலாம். காதில் ஓட்டை விழுவதால் பிள்ளைக்கு என்ன ஆதாயம்? அந்த அழுகை யாருடைய மனசாட்சியையும் தொடுவதில்லை. ராத்திரி இரண்டு மணி அழுகை மட்டும், ஒரு பெண் நல்ல தாயா இல்லையா என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது.

முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். பிறந்த குழந்தைக்கு இரவு, பகல் தெரியாது. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒழுங்காக ஓடத் தொடங்கவே இரண்டு மூன்று மாதமாகும். பெரியவர்களின் தூக்கச் சுற்று ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கைக்குழந்தைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் விழிப்பு தட்டும். அமெரிக்க மனநல மருத்துவர் தாமஸ் ஆண்டர்ஸ் 1970களில் குழந்தைகள் தூங்குவதை இரவு முழுக்க வீடியோவில் பதிவு செய்து பார்த்தார். ‘எங்க பிள்ளை விடியவிடிய அசையாம தூங்கும்’ என்று பெற்றோர் பெருமைப்பட்ட குழந்தைகளும் நடுவில் விழித்திருந்தன. கண்ணைத் திறந்தன, புரண்டன, விரலைச் சப்பின, மறுபடி தூங்கிப்போயின. யாரையும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஆக, எல்லாக் குழந்தையும் விழிக்கிறது. சில குழந்தைகள் ஆள் தேடுகின்றன, சில தேடுவதில்லை. தோளில் போட்டு ஆட்டி, தூங்கியபிறகு பூனைபோல் நடந்துவந்து படுக்கையில் கிடத்திய குழந்தை, நள்ளிரவில் விழித்ததும் அந்தத் தோள் எங்கே என்று கேட்கிறது. வீட்டுக் கட்டிலில் படுத்த உங்களைத் தூக்கம் கலையாமல் தூக்கிப் போய்க் கோயம்பேடு பேருந்து நிலையத்தில் கிடத்தினால் நீங்களும் விழித்ததும் அலறத்தான் செய்வீர்கள். குழந்தை அரை விழிப்பில் இருக்கும்போதே படுக்கையில் விட்டு, அங்கேயே அது தூங்கிப்போகப் பழக்குவதுதான் ‘தூக்கப் பயிற்சி’ என்பதன் சாரம். இதில் மந்திரமும் இல்லை, கொடுமையும் இல்லை.

‘இரவு முழுக்க’ என்பதற்கும் ஒரு அளவு உண்டு. 1957இல் லண்டனில் 160 குழந்தைகளை ஆராய்ந்த இருவர், நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை எழுப்பாத குழந்தையை இரவு முழுக்கத் தூங்கும் குழந்தை என்று கணக்கில் வைத்தார்கள். வெறும் ஐந்து மணி நேரம். கனடாவில் 388 குழந்தைகளைப் பார்த்து 2018இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாத வயதில் 38 சதவீதம் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் தூங்கவில்லை. அந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியிலோ உடலியக்க வளர்ச்சியிலோ இதனால் எந்தக் குறையும் காணப்படவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறது என்று யாராவது சொன்னால், அந்தப் பிள்ளையைவிட அதைப் பெற்றவர்கள் ஆழ்ந்து தூங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அழ விடுவதை எதிர்ப்பவர்களின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்த யோசனையை முதலில் புத்தகமாக்கியவர்கள் அன்பானவர்களாகத் தெரியவில்லை. 1894இல் நியூயார்க் மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட் எழுதிய குழந்தை வளர்ப்புக் கையேடு, அழுகை நுரையீரலுக்கு உடற்பயிற்சி என்று சொன்னது. 1928இல் உளவியலாளர் ஜான் வாட்சன் இன்னும் ஒரு படி மேலே போனார்: பிள்ளையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்றார். ஒழுங்கான தொழிலாளியைத் தொட்டிலிலேயே தயாரித்துவிடலாம் என்று நம்பிய காலம் அது. 1985இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ரிச்சர்ட் ஃபெர்பர் சொன்னது வேறு. கொஞ்சம் பொறுத்துப் போய்ப் பாருங்கள், தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள், அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுங்கள் என்பதுதான் அவர் முறை. ஆனால் ஃபெர்பரைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாட்சனைத்தான் திட்டுகிறார்கள்.

அழ விட்டால் மூளை பாதிக்கும், பாசம் அறுந்துபோகும் என்கிறார்கள். இதற்குச் சான்றாக ருமேனியாவின் அனாதை இல்லங்களைக் காட்டுவது வழக்கம். 1989இல் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபின் வெளியுலகம் பார்த்த அந்தத் தொட்டில் வரிசைகளில் குழந்தைகள் அழக்கூட மறந்து கிடந்தார்கள். மூளையும் மனமும் அங்கே சிதைந்தது உண்மை. ஆனால் அங்கே பகலிலும் யாரும் தூக்கவில்லை, மாதக்கணக்கில், வருடக்கணக்கில். நாள் முழுக்கக் கொஞ்சப்படும் ஒரு பிள்ளையின் பத்து நிமிட அழுகைக்கு அந்தத் துயரத்தைச் சாட்சியாக அழைப்பது, அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அவமரியாதை என்றே நினைக்கிறேன்.

இன்னொரு சான்று, நியூசிலாந்தில் 25 குழந்தைகளிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு. அழுகை நின்றபிறகும் பிள்ளைகளின் கார்டிசால் அளவு குறையவில்லை என்றது அது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன் கார்டிசால். வெளியில் அமைதி, உள்ளே தவிப்பு என்று இதைப் படித்தவர்கள் பதறினார்கள். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. குழந்தைகள் இருந்ததோ வீட்டில் இல்லை, பழக்கமில்லாத ஒரு மருத்துவமனையில். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 43 குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்து வீட்டிலேயே செய்த ஆய்வு 2016இல் வந்தது. அழ விட்ட குழுவில் கார்டிசால் கூடவில்லை. ஓராண்டு கழித்துத் தாயோடு உள்ள பிணைப்பைச் சோதித்தபோது குழுக்களுக்கிடையே வேறுபாடும் இல்லை. 43 என்பது சிறிய எண்தான், அதை வைத்துக் கோட்டை கட்டக் கூடாது.

பெரிய ஆய்வு மெல்போர்னில் நடந்தது. ஏழு மாத வயதில் தூக்கச் சிக்கல் இருந்த 326 குழந்தைகள். ஒரு பாதிப் பெற்றோருக்குப் படிப்படியாக அழ விடும் முறையோ, பக்கத்திலேயே உட்கார்ந்து நாளுக்கு நாள் விலகும் முறையோ கற்பிக்கப்பட்டது. எது வேண்டுமென்று அவர்களே தேர்ந்துகொண்டார்கள். மறுபாதிக்கு வழக்கமான சேவை. குழந்தைகளுக்கு ஆறு வயதானபோது மறுபடி பார்த்தார்கள். மனநலம், நடத்தை, தூக்கம், பெற்றோரோடு நெருக்கம் எதிலும் இரு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை.

எனக்கு இந்த முடிவு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் இது இரு தரப்புப் பக்தர்களையும் ஏமாற்றுகிறது. ‘அழ விட்டால் பிள்ளை உடைந்துபோகும்’ என்றவர்கள் தோற்றார்கள். ‘தனியாகத் தூங்கப் பழகிய பிள்ளை தன்னம்பிக்கையோடு வளரும்’ என்று சொல்லிக் காசு வாங்கும் தூக்க ஆலோசகர்களும் தோற்றார்கள். ஆறு வயதில் எது எந்தப் பிள்ளை என்று தெரியவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் வித்தியாசம் தெரிந்தது. குழந்தைகளுக்கு இரண்டு வயதானபோது, பயிற்சி பெறாத குழுவில் 26 சதவீதத் தாய்மார்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பயிற்சி பெற்ற குழுவில் 15 சதவீதம். பிள்ளைக்கு நட்டமுமில்லை, லாபமுமில்லை, தாய்க்கு லாபம். இப்படி ஒரு கணக்கு வந்தால் சாதாரணமாக என்ன முடிவுக்கு வருவோம்? செய்துவிட்டுப் போகலாமே என்றுதானே? தாயின் தூக்கம் என்று வரும்போது மட்டும் அறிவு அந்த முடிவின் வாசலில் நின்றுவிடுகிறது. ‘அவளுக்காகவா? அவளுக்காகப் பிள்ளையை அழ விடணுமா?’ என்று கேட்கிறோம். அவளுக்காகவேதான். அது போதுமான காரணம் இல்லையென்று நினைப்பவர்கள் ஏன் இல்லையென்று சொல்ல வேண்டும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்-கை ஒத்திசைவு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போலத் தடுமாறும் என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03. மணிக்கொரு தரம் எழுவதும் ஒரேயடியாக விழித்திருப்பதும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் மாதக்கணக்கில் துண்டுதுண்டாகத் தூங்கிய ஒரு பெண், காலையில் அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறாள். பிறகு ஸ்கூட்டியை எடுக்கிறாள். குடித்துவிட்டு வருபவனை நிறுத்த ஊதச் சொல்லும் கருவியோடு போலீஸ் நிற்கிறது. இவளுக்கு நாம் மாலை போட்டுத் ‘தாய்மை’ என்கிறோம்.

‘நம் பாட்டிமார் யாரும் இப்படிப் பிள்ளையை அழ விட்டதில்லை’ என்பது அடுத்த வாதம். எந்தப் பாட்டி? மிராசுதார் வீட்டுப் பாட்டியா, அவர் வயலில் நாற்று நட்ட பாட்டியா? வரப்போர மரக்கிளையில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கியவளுக்கு, பிள்ளை அழும்போதெல்லாம் கரையேற யாரும் அனுமதி தரவில்லை. மார்பில் பால் கட்டி வலிக்க வலிக்க நட்டாள். வீட்டில் தூளியை ஆட்டியது பெரும்பாலும் அக்காள்காரி, ஏழெட்டு வயதுப் பெண். பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைத் தூங்கவைத்த அந்தச் சிறுமிகளின் முதுகில் ஏறித்தான் நம் ‘அழ விடாத மரபு’ வந்து சேர்ந்திருக்கிறது.

அக்காளும் இல்லாத இடத்தில் அபின் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் பிள்ளைக்கு அபின் கலந்த ‘காட்ஃப்ரே’ மருந்து கொடுத்துத் தூங்கவைத்ததை எங்கெல்ஸ் 1845இல் எழுதியிருக்கிறார். பம்பாய் மில் பெண்கள் ‘பால கோலி’ என்ற அபின் உருண்டையைக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்கள். நம் வீட்டு அலமாரிகளில் இருந்த கிரைப் வாட்டரும் இங்கிலாந்தில் பிறந்தபோது மது கலந்ததாகத்தான் பிறந்தது. அங்கே 1990களில்தான் அந்த மதுவை எடுத்தார்கள். உழைக்கிற பெண்ணின் பிள்ளை அழுதே தூங்கியது, அல்லது மயங்கித் தூங்கியது. அந்தத் தூக்கம் நம் வீட்டுக் கூடங்களில் அறச் சிக்கலாக எழுந்ததில்லை. வீட்டில் இருக்கும் நடுத்தர வர்க்கத்துத் தாய், தன் தூக்கத்துக்காகக் கதவருகே பத்து நிமிடம் பொறுத்து நிற்கும்போதுதான் அறம் விழித்துக்கொள்கிறது.

பிள்ளை அழுவதற்கு நாம் சொல்லும் காரணங்களையும் பார்க்க வேண்டும். உரம் விழுந்திருக்கு, சேலையில் போட்டு உருட்டு. கண்ணு பட்டிருக்கு, மிளகாய் சுற்றிப் போடு. தோஷம், தீட்டுக்காரி நிழல் பட்டிருக்கும், மந்திரி. நீ என்ன சாப்பிட்டே, பால் சூடாகியிருக்கும். இந்தக் காரணங்களில் ஒன்றாவது ஓர் ஆணைச் சுட்டுகிறதா? பிள்ளையில்லாதவள் பார்த்தாள், மாதவிலக்கானவள் தொட்டாள், தாய்க்காரி கண்டதைத் தின்றாள். குற்றவாளிக் கூண்டில் எப்போதும் ஒரு சேலை. பச்சைப்பிள்ளை விழிப்பது அதன் உடம்பின் இயல்பு என்கிற எளிய விளக்கத்துக்கு நம்மிடையே கிராக்கி இல்லை, ஏனென்றால் அதில் திட்டுவதற்கு ஆள் கிடைப்பதில்லை.

‘பிள்ளை அழுவுறது காதுல விழலையா?’ இந்தக் கேள்வியை மாமியார் மருமகளிடம்தான் கேட்பார். பக்கத்தில் குறட்டை விடும் மகனைக் கேட்க மாட்டார். அவன் காலையில் வேலைக்குப் போக வேண்டும். மருமகளும் போக வேண்டும் என்பது வேறு கதை. 2017இல் வந்த சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு. ஆறு மாதம் முடிந்து அவள் அலுவலகம் திரும்பும் அந்த வாரத்தில்தான் பிள்ளை இரவில் எழுவது ‘பிரச்சினை’யாகத் தொடங்குகிறது. தமிழ்நாட்டு அரசு ஊழியராக இருந்தால் 2021 முதல் ஓராண்டு. தகப்பனுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் வேலையென்றால் சட்டம் வாயே திறக்கவில்லை. 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் 15 முதல் 59 வயதுப் பெண் ஒருத்தி அதற்கு நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகிறாள்; ஆண் 74. சரி, அவனும் 74 நிமிடம் செய்கிறானே என்று மகிழ்வோருக்கு ஒரு கேள்வி: அதில் ராத்திரி இரண்டு மணியில் செய்தது எத்தனை?

பிள்ளைப்பேறே பெண்ணுக்கு விலங்கு என்று பெரியார் எழுதி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. அதை மேடையில் மனப்பாடமாகச் சொல்லும் தோழர்களில் எத்தனை பேர் ஆறு மாதப் பிள்ளையை ராத்திரியில் மாற்றித் துடைத்துத் தூங்கவைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. ‘பால் அவகிட்டதானே இருக்கு’ என்பார்கள். முதல் ஆறு மாதத்துக்கு இதில் நியாயம் உண்டு. அந்த வயதில் பிள்ளைக்கு ராத்திரிப் பால் வேண்டும், அப்போது அழ விடவும் கூடாது. அதற்குப் பிறகு நன்றாக வளரும் பிள்ளை விழிக்கும்போதெல்லாம் பசியால்தான் விழிக்கிறது என்று கொள்ள முடியாது. உண்மையில், பால்வாசனை இல்லாத தகப்பன் தோள்தான் அந்த நேரத்துக்கு வசதி.

தனி அறை வேண்டும், வெள்ளைக்காரன் மாதிரி பிள்ளையைத் தனியே பூட்டிவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கமே, குறைந்தது முதல் ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறது. 1995இல் ரிச்சர்ட் ஷ்வேடர் குழுவினர் புவனேஸ்வர் குடும்பங்களையும் சிகாகோ குடும்பங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யார் யாரோடு படுப்பது என்பதில் இரு ஊர்க்காரர்களும் ஒழுக்க விதிகளைத்தான் பின்பற்றினார்கள், விதிகள்தான் வேறு. சிகாகோவில் கணவன் மனைவியின் தனிமை புனிதம். புவனேஸ்வரில் சிறுபிள்ளை தனியே படுப்பது பாவம். இரண்டுமே இயற்கை விதியில்லை. நான்கு பேர் ஒரே கூடத்தில் படுக்கும் வீட்டில் மெல்போர்ன் பெற்றோர் செய்த இரண்டாவது முறையே தோதானது: பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையை மட்டும் வைத்து, பிறகு கையையும் எடுத்து. அதற்குப் பிள்ளையின் சம்மதத்தைவிடத் தாத்தாவின் சம்மதம் வாங்குவதுதான் கடினம். எதுவுமே செய்யாமல் பிள்ளை வளரும்வரை விடுவதிலும் தவறில்லை, எழுகிற வேலையை இருவரும் பங்கு போட்டுக்கொண்டால்.

பங்கு போடாமல் ஒருத்தியே கண்விழித்து வளர்த்தால் என்ன நடக்கிறது? அந்த விழிப்பு எங்கும் போய்விடுவதில்லை, சேர்த்து வைக்கப்படுகிறது. இருபத்தைந்து வருடம் கழித்து மகள் ஒரு பையனைக் கூட்டி வந்து நிறுத்துகிறாள். பையன் படித்தவன், வேலையில் இருக்கிறான், சாதி வேறு. அன்று அந்தக் கூடத்தில் அம்மா சாதியைப் பற்றிப் பேச மாட்டாள். ‘பத்து மாசம் சுமந்து, ராத்தூக்கம் கெட்டு, கண்ணு முழிச்சு வளத்தேனே, இதுக்குத்தானா?’ என்பாள். அப்பா ஓரமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். தான் விழிக்காத இரவுகளுக்கும் அவர் சேர்த்து வட்டி கேட்கிறார். மகளுக்குப் பதில் சொல்ல வாய் வராது. சாதிக்கு எதிராக ஆயிரம் வாதம் வைத்திருப்பவளுக்கு, தான் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது நடந்த ஒரு தூக்கமின்மைக்கு எதிராக என்ன வாதம் வைக்க முடியும்? சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் இந்த மாநிலம் சட்டம் போட்டது; இந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய எந்தச் சட்டமும் இல்லை.

எட்டு மணிக்குப் பிள்ளையைப் படுக்கவைத்து, விழித்தபோது சில நாள் கணவனை எழுப்பிவிட்டு, மற்ற நாளில் கொஞ்சம் அழ விட்டுத் தானும் தூங்கியிருந்த ஒரு அம்மா, அன்றைக்கு அந்தக் கூடத்தில் எதைச் சொல்லி அழுவாள்? மறுக்க வேண்டுமானால் சாதியின் பெயரைச் சொல்லித்தான் மறுக்க வேண்டியிருக்கும். சொல்லட்டும். அதற்கு மகளிடம் பதில் இருக்கிறது.